முக்கூர்த்தி: புல்லுக்கு ஒரு தேசியப் பூங்கா

(கோவையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய வடிவம். மேடையில் சொன்ன சில கிளைச் செய்திகளும் கேள்வி நேரமும் இங்கே விடப்பட்டுள்ளன.)



யார் பெயரில் இந்த அறக்கட்டளை அமைந்திருக்கிறதோ அந்த ஆசிரியர் எனக்கு முதுகலை வகுப்பில் புல் குடும்பத்தைப் பாடமாக நடத்தியவர். ஒரு புற்கதிரை ஊசியால் பிரித்து, ஒவ்வொரு செதிலாக லென்ஸின் கீழே எடுத்து வைத்து, இது யார் என்று கேட்பார். எது என்று கேட்க மாட்டார், யார் என்றுதான் கேட்பார். புல்லைப் படிக்க அன்றைக்கு ஆள் வருவதில்லை. இன்றைக்கும் வருவதில்லை. அவர் நினைவாகப் பேசும் வாய்ப்புக் கிடைத்தபோது, அவர் பலமுறை ஏறி இறங்கிய ஒரு மலையைப் பற்றிப் பேசுவதே முறை என்று பட்டது. நீலகிரியின் மேற்கு விளிம்பில் உள்ள முக்கூர்த்தி தேசியப் பூங்காதான் அந்த மலை.

முக்கூர்த்தியை வரையாட்டின் காப்பிடம் என்று அறிவோம். 1982இல் அது காட்டுயிர்க் காப்பகம் ஆனது. 1990இல் தேசியப் பூங்கா ஆனது. பரப்பு 78.46 சதுர கிலோமீட்டர். வரையாடு தமிழ்நாட்டின் மாநில விலங்கு. இவையெல்லாம் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கும் தெரியும். இன்று நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. முக்கூர்த்தியில் காக்கப்பட வேண்டிய முதல் உயிர் புல். புல் நின்றால் வரையாடு நிற்கும். புல் போனால் எத்தனை காவலரை நிறுத்தினாலும், எத்தனை கோடி ஒதுக்கினாலும் வரையாடு நிற்காது. இந்தக் கருத்தைச் சில எண்ணிட்ட பகுதிகளாக உங்கள் முன் வைக்கிறேன். எல்லாப் பகுதிகளும் ஒரே நீளத்தில் இருக்காது. பேச வேண்டிய இடத்தில் நின்று பேசுகிறேன்.

1. விலங்கின் பெயரும் அதன் நிலமும்

வரையாடு என்ற பெயரிலேயே அதன் முகவரி இருக்கிறது. வரை என்றால் மலைச்சரிவு, செங்குத்துப் பாறை. சங்க நூல்களில் இதன் பெயர் வருடை. ஐங்குறுநூற்றிலும் நற்றிணையிலும் அந்தப் பெயர் வருகிறது. கபிலர் அதன் கால்கள் குறியவை என்பதைக்கூடக் கவனித்திருக்கிறார். பாறையில் தாவுகிற விலங்குக்கு நெடிய கால் உதவாது; குறுகிய, உறுதியான கால்தான் உதவும். மலையில் நின்று பார்த்த ஒருவருடைய கண் அது. பரிபாடலில் மேஷ ராசிக்கும் இதுவே பெயர்.

அறிவியல் உலகம் இந்த விலங்கை நீண்ட காலம் இமயமலைத் தார் என்ற காட்டாட்டோடு ஒரே பேரினத்தில் வைத்திருந்தது. 2005இல் வெளிவந்த மரபணு ஆய்வு அதைப் பிரித்து, நீலகிரிட்ராகஸ் என்று தனிப் பேரினம் ஆக்கியது. வெள்ளாட்டைவிடச் செம்மறிக்கே இது நெருக்கம் என்று அந்த ஆய்வு காட்டியது. தமிழில் வெள்ளாடும் ஆடுதான், செம்மறியும் ஆடுதான். ஆகவே நம் பெயரை மாற்ற வேண்டிய தேவை வரவில்லை.

இந்த விலங்குக்கு இரண்டு பொருள்கள் அருகருகே வேண்டும். மேய்வதற்குப் புல்வெளி, ஓடி ஏறுவதற்குச் செங்குத்துப் பாறை. சிறுத்தையோ செந்நாயோ வந்தால் அது காட்டுக்குள் ஒளிவதில்லை. பாறை முகத்துக்குப் போய் நின்றுகொள்கிறது, இரவில் அங்கேயே படுக்கிறது. பகலில் திறந்த புல்வெளியில் மேயும்போது, மந்தையில் ஏதாவது ஒரு பெட்டை தலை தூக்கிப் பார்த்துக்கொண்டே இருக்கும். தூரத்தில் வருவது தெரிய வேண்டும். அதன் பாதுகாப்பு அதன் பார்வையில் இருக்கிறது. பார்வையை மறைக்கும் எதுவும், அது மரமாகவே இருந்தாலும், வரையாட்டுக்குப் பகை.

முக்கூர்த்தியின் மேற்கு விளிம்பில் இந்த இரண்டும் சேர்ந்து இருக்கின்றன. கிழக்கே புல் போர்த்திய மேடுகள். மேற்கே சில எட்டு வைத்தால் கேரளத்து நிலம்பூர்க் காடுகளை நோக்கிச் சரியும் ஆயிரக்கணக்கான அடிப் பள்ளம். தெற்கே அமைதிப் பள்ளத்தாக்கு. 2,554 மீட்டர் உயரமுள்ள முக்கூர்த்திச் சிகரமும், அதைவிட உயர்ந்த கொல்லரிபெட்டாவும் அந்த விளிம்பில்தான் நிற்கின்றன. பருவமழை மேற்கிலிருந்து ஏறி வந்து முட்டும் முதல் சுவர் அது. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே வரையாட்டின் கடைசிப் பெருங்கோட்டையும் அதுதான். கணவாயைத் தாண்டி ஆனைமலை மந்தைகளோடு இவற்றுக்கு உறவு கிடையாது. இங்கே அழிந்தால் தெற்கிலிருந்து தானாக வந்து நிரப்ப ஓர் ஆடும் வராது.

2. புல்வெளியின் வயது

இந்த மலையுச்சிகளில் பள்ளத்தாக்கு மடிப்புகளில் மட்டும் சோலை என்னும் அடர்ந்த மரக்காடு இருக்கிறது. மேடு முழுவதும் புல். முதன்முறை பார்ப்பவருக்கு ஒரு கேள்வி எழும். இவ்வளவு மழை பெய்யும் இடத்தில் ஏன் எல்லா இடத்திலும் மரம் இல்லை? யாரோ வெட்டியிருக்க வேண்டும், மாடு மேய்த்துத் தீ வைத்து அழித்திருக்க வேண்டும் என்று ஒரு பதில் நூறாண்டுக்கு மேலாகச் சொல்லப்பட்டு வந்தது. அந்தப் பதில் பெரும் தீங்கு செய்தது. அதனால்தான் இந்தப் பகுதியில் சற்று நிற்கிறேன்.

1938இல் சென்னை மாகாண வனத்துறையைச் சேர்ந்த ரங்கநாதன் என்ற அலுவலர் நீலகிரியின் சோலைகளையும் புல்வெளிகளையும் ஆராய்ந்து எழுதினார். உறைபனிதான் காரணம் என்றார். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை தெளிந்த இரவுகளில் திறந்த மேட்டில் பனி உறைகிறது. சோலை மரத்தின் கன்று பெற்றோரின் நிழலுக்குள் முளைத்தால் பிழைக்கும்; வெளியே முளைத்தால் அந்த உறைபனியில் கருகும். புல்லோ தன் உயிரை வேரடியில் வைத்திருக்கிறது. மேல் இலை கருகினாலும் மழைக்குத் துளிர்க்கும். அந்தத் திறந்த வெளியில் தனியாக நிற்கத் துணிந்த மரம் ஒன்று உண்டு. சிவந்த பூக்கொத்துகளோடு நிற்கும் காட்டுப் பூவரசு, அதாவது ரோடோடென்ட்ரான். முக்கூர்த்தியில் அதன் முறுக்கிய தண்டைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

ரங்கநாதனின் கருத்தை மறுத்தவர்களும் அன்றே இருந்தார்கள். அந்த விவாதத்தை மண்ணே தீர்த்து வைத்தது. நீலகிரியின் தாழ்வான சதுப்புகளில் தாவர எச்சங்கள் அழுகாமல் அடுக்கடுக்காகப் படிந்து பீட் என்ற கருமண்ணாகியிருக்கின்றன. மரங்களும் வெப்பமண்டலப் புற்களும் காற்றிலிருந்து கார்பனை எடுக்கும் முறை வேறு வேறு. ஆகவே அவை மட்கிய மண்ணில் கார்பன் 13 என்ற கனமான கார்பனின் அளவும் வேறுபடும். ராமன் சுகுமாரும் அவருடைய உடனாய்வாளர்களும் இந்தக் கருமண்ணை ஆழம் ஆழமாக எடுத்து அளந்து, 1993இல் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளின் கணக்கு அதில் இருந்தது. வறண்ட காலத்தில் புல் பரவியிருக்கிறது. ஈரமான காலத்தில் சோலை ஏறியிருக்கிறது. மறுபடி புல் மீண்டிருக்கிறது. மலையில் முதல் எருமை மேய்வதற்கு மிக முந்திய காலத்திலேயே அங்கே புல் இருந்தது.

மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். நீலகிரிப் புல்வெளி, அழிந்த காட்டின் மிச்சம் என்ற எண்ணம் தவறு. அது தன்னளவில் பழைய, முழுமையான ஓர் உயிர்ச்சூழல். அதில் வாழ்பவை வேறெங்கும் வாழ முடியாது. நீலகிரி நெட்டைக்காலி என்ற சிறு பறவை புல்லில்தான் கூடு கட்டும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மலையை நீலமாக்கும் குறிஞ்சி, திறந்த சரிவில்தான் பூக்கும். அது 2006இலும் 2018இலும் பூத்தது.

3. தரிசு என்ற சொல்

வருவாய்த்துறை ஏடுகளில் வயலும் தோப்பும் வனமும் அல்லாத நிலத்துக்குத் தரிசு என்று பெயர். இன்றும் நாட்டின் தரிசு நிலப் படங்களில் இயற்கையான புல்வெளிகள் பல இடம்பெறுகின்றன. ஒரு நிலத்துக்குத் தரிசு என்று பெயர் வைத்துவிட்டால், அதில் எதையாவது செய்தாக வேண்டும் என்ற கடமை உணர்வு நல்லவர்களுக்கும் வந்துவிடுகிறது. நீலகிரியில் நடந்தது அதுதான்.

1820களில் உதகை உருவாயிற்று. குளிருக்கு விறகு வேண்டும்; சோலைகளை வெட்டினார்கள்; சோலை குறைந்தது. 1840களில் ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகை மரமும் (வாட்டில்) வந்தன. வேகமாக வளரும் மரம், பனியைத் தாங்கும் மரம். விறகுத் தேவையைத் தீர்த்து மீதமிருந்த சோலைகளைக் காப்பாற்றியது என்ற அளவில் அந்த நடவுக்கு ஒரு நியாயம் உண்டு; அதை மறுக்க மாட்டேன். ஆனால் சுதந்திரத்துக்குப் பிறகு நடந்த நடவு அளவிலும் நோக்கிலும் வேறு. சீகைப் பட்டையிலிருந்து தோல் பதனிடத் தேவையான டானின் கிடைக்கும். கற்பூர மரமும் சீகையும் கூழாகிச் சிறுமுகையிலிருந்த விஸ்கோஸ் ஆலைக்குப் போகும். செயற்கைப் பட்டு நூலாகும். ஐந்தாண்டுத் திட்டங்களின் ஆர்வத்தில் மேட்டுப் புல்வெளிகள் சதுரம் சதுரமாகக் குழி வெட்டப்பட்டன. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. வெறும் புல்லாகக் கிடந்த இடத்தில் நாட்டுக்கு உதவும் மரம் வளர்த்தோம் என்றே அந்த அலுவலர்கள் நினைத்தார்கள். அவர்களில் ஓய்வுபெற்ற இருவரோடு நான் நெடுநேரம் பேசியிருக்கிறேன். ஒருவர் பங்கித்தபால் பக்கம் தாம் நட்ட சீகைத் தோப்பின் புகைப்படத்தைக் காட்டி, கண் கலங்கி, எங்களுக்கு யாரும் அன்றைக்குச் சொல்லவில்லை என்றார். ரங்கநாதன் 1938இலேயே சொல்லியிருந்தார். சொன்னது அச்சில் இருந்தது; நடைமுறைக்கு வரவில்லை.

சீகையின் தன்மையைச் சற்று விளக்க வேண்டும், ஏனென்றால் இதுதான் இன்றைய சிக்கலின் நடுப்பகுதி. அது பயறு வகைக் குடும்பம். காற்றின் நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும். புல்வெளி மண் ஏழை மண். அந்த ஏழ்மைக்குப் பழகியவை அதன் புற்கள். மண்ணுக்குச் சத்து கூடினால் வேறு செடிகள் உள்ளே வரும். சீகையின் நிழலில் கொத்துப்புல் இரண்டு மூன்று ஆண்டில் மெலிந்து சாகிறது. மரம் ஆண்டுதோறும் ஏராளமாக விதை உதிர்க்கிறது. அந்த விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். வெட்டினால் வெளிச்சம் பட்டு முளைக்கும். தீ வைத்தால் விதையின் கெட்டியான தோல் வெடித்து இன்னும் அதிகமாக முளைக்கும். நட்டவர்கள் நடுவதை நிறுத்தி எத்தனையோ ஆண்டுகள் ஆன பிறகும் அது தானே நடந்து வருகிறது. பூங்காவில் வேட்டைத் தடுப்புக் காவலராக இருந்த ஒருவர் என்னிடம், “போன வருசம் அந்தப் பாறை வரைக்கும்தாங்க இருந்துச்சு, இப்ப இந்தாண்ட வந்துருச்சு, காலு மொளைச்ச மாதிரி வருதுங்க” என்று சொன்னார். எந்த ஆய்வுக் கட்டுரையிலும் இதைவிடத் துல்லியமான வாக்கியத்தை நான் படித்ததில்லை.

சீகையோடு ஸ்காட்ச் புரூம், கோர்ஸ் என்ற மஞ்சள் பூப் புதர்களும் சேர்ந்துகொண்டன. தோட்ட அழகுக்காகக் கொண்டுவரப்பட்டவை. இன்று அவை வரையாடு மேயும் சரிவுகளில் நெஞ்சளவு உயரப் புதராக நிற்கின்றன.

பரப்பில் இழப்பு எவ்வளவு? இதே போலச் சோலையும் புல்வெளியும் கொண்ட பழனிமலைக்குச் செயற்கைக்கோள் படங்களை வைத்து ஆய்வாளர்கள் கணக்கெடுத்து 2018இல் வெளியிட்டார்கள். 1973இல் அங்கே 374 சதுர கிலோமீட்டர் புல்வெளி இருந்தது. 2014இல் எஞ்சியது 124. மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. அந்த நாற்பது ஆண்டுகளும் காடழிப்பைப் பற்றி நாம் இடைவிடாமல் பேசிய ஆண்டுகள். ஒரு சோலை மரம் விழுந்தால் செய்தியானது. 250 சதுர கிலோமீட்டர் புல்வெளி மறைந்தது, பெரும்பாலும் மரத்துக்கு அடியில் மறைந்ததால் பசுமையாகவே தெரிந்தது.

4. இரவிகுளம் ஏன் தப்பியது

மூணாறுக்கு அருகே கேரளத்தின் இரவிகுளம் தேசியப் பூங்கா இருக்கிறது. பரப்பு 97 சதுர கிலோமீட்டர். முக்கூர்த்தியைவிடச் சற்றுப் பெரியது, அவ்வளவுதான். உலகில் உள்ள வரையாடுகளின் ஆகப்பெரிய தொகுதி அங்கேதான் இருக்கிறது. 2025 கணக்கெடுப்பில் 800க்கும் மேல் எண்ணினார்கள்.

மண் ஒன்று, மழை ஒன்று, விலங்கு ஒன்று. பிறகு வேறுபாடு எங்கிருந்து வந்தது? கண்ணன் தேவன் தேயிலைக் கம்பெனியின் கையில் அந்த நிலம் இருந்தபோது, தோட்டத் துரைமார் அந்த உயர்ந்த மேட்டைத் தங்கள் வேட்டைக்காக ஒதுக்கி வைத்திருந்தார்கள். முதுவர் பழங்குடியினரைக் காவலுக்கு அமர்த்தினார்கள். தேயிலை நடவில்லை, மரமும் நடவில்லை. 1971இல் கேரள அரசு நிலத்தை எடுத்துக்கொண்டது. 1975இல் காப்பகம், 1978இல் தேசியப் பூங்கா. அரசு ஏற்றபோது புல்வெளி முழுதாக இருந்தது. வேட்டைக்காரர்களின் சுயநலம் ஒரு புல்வெளியைக் காத்தது. நீலகிரியில் நாட்டுநலம் கருதியவர்களின் நடவு ஒரு புல்வெளியை அழித்தது. கேட்க மனம் ஒப்பாத உண்மை இது. ஆனாலும் என் கருத்துக்கு இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியவில்லை. இரவிகுளத்தில் வரையாடு பெருகியதற்குக் காவலும் காரணம், பிப்ரவரி மார்ச்சில் குட்டி ஈனும் காலத்தில் பார்வையாளரை நிறுத்துவதும் காரணம். அவற்றுக்கெல்லாம் முன்னால் புல் இருந்தது.

நீலகிரியிலும் வேட்டைக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. 1877இல் அவர்கள் அமைத்த சங்கமும், 1879இல் வந்த வேட்டை மற்றும் மீன் பாதுகாப்புச் சட்டமும் இந்தியாவின் முன்னோடி முயற்சிகள். துப்பாக்கியைக் கட்டுப்படுத்தினார்கள். நிலம் மாறுவதை அந்தச் சட்டத்தால் தடுக்க முடியவில்லை.

5. தண்ணீர்

இங்கே மேடையில் எனக்கு முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்திருக்கிறார்கள். கோவைக்குப் பில்லூர்த் திட்டத்திலிருந்தும் குடிநீர் வருகிறது. பில்லூருக்கு நீர் தரும் பவானி முக்கூர்த்தியின் தென்பக்கச் சரிவுகளில் தொடங்குகிறது. பூங்காவின் வடபகுதியின் நீர் முக்கூர்த்தி அணைக்கும் பைக்காராவுக்கும் போகிறது. 1932இல் பைக்காராவில் மின்சாரம் எடுக்கத் தொடங்கியதும் இந்த நீரை நம்பித்தான்.

உதகையில் உள்ள மண் மற்றும் நீர்வளப் பாதுகாப்பு ஆய்வு மையத்தினர் கிளென்மார்கன் பகுதியில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டு, ஒன்றைப் புல்வெளியாகவே விட்டு மற்றொன்றின் பெரும்பகுதியில் கற்பூர மரம் நட்டு, ஆண்டுக்கணக்கில் ஓடையின் நீரை அளந்தார்கள். முதல் பத்தாண்டுச் சுழற்சியில் மரம் நட்ட பக்கத்தில் நீர்வரத்து 16 சதவீதம் குறைந்தது. வெட்டி மறுதுளிர் வளர்ந்த இரண்டாம் சுழற்சியில் குறைவு 25 சதவீத அளவுக்குப் போனது. மழையில்லாத மாதங்களில் ஓடும் அடிநீர்தான் அதிகம் அடிபட்டது. மரம் மழையைத் தரும் என்று பள்ளியில் படித்த நமக்கு இந்த எண் கசக்கும். எந்த மரம், எந்த நிலத்தில் என்று கேட்காமல் சொல்லப்பட்ட வாசகம் அது.

6. மீட்பது எப்படி

கேட்பதற்கு எளிது: வெட்டிவிட வேண்டியதுதானே? அவ்வளவு எளிதல்ல.

முதிர்ந்த சீகைத் தோப்பு சிலவற்றின் அடியில் சோலை மரக் கன்றுகள் முளைத்து வருகின்றன. சீகையின் நிழல் அவற்றை உறைபனியிலிருந்து காக்கிறது. அப்படிப்பட்ட தோப்பை ஒட்டுமொத்தமாக வெட்டினால், வரப்போகும் சோலையை அழித்து மண்ணில் கிடக்கும் சீகை விதைக்கு வெளிச்சம் கொடுப்போம். அதே நேரத்தில் புல்வெளிக்குள் புதிதாக நுழைந்த, முழங்கால் உயரச் சீகைக் கன்றுகளைக் கையால் பிடுங்கலாம். ஐந்து ஆண்டு விட்டால் கோடரி வேண்டும். பதினைந்து ஆண்டு விட்டால் புல் இருக்காது. ஆகவே முதலில் கை வைக்க வேண்டியது விளிம்பில். புல்வெளி இன்னும் நன்றாக இருக்கும் இடத்தில் உள்ளே வந்திருக்கும் சில கன்றுகளை ஆண்டுதோறும் தவறாமல் பிடுங்க வேண்டும். அடர்ந்த தோப்பைப் பிறகு பார்க்கலாம். ஒரே ஆண்டில் பெரிய பரப்பை வெட்டிக் காட்டினால் அறிக்கைக்கு அழகாக இருக்கும். மறு ஆண்டு அங்கே போய்ப் பார்த்தால் பழையதைவிட அடர்த்தியாகச் சீகை முளைத்திருக்கும். தொடர்ந்து வராத மீட்பு, மீட்பே ஆகாது. சென்னை உயர்நீதிமன்றம் அயல் தாவரங்களை அகற்றச் சொல்லி வலியுறுத்தியதும், அதை ஒட்டி 2022இல் தமிழ்நாடு அரசு அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென ஒரு கொள்கை வகுத்ததும் நல்ல தொடக்கம். பணமும் ஆளும் இருபது ஆண்டுக்கு உறுதியாக வேண்டும் என்பதை அந்தக் கொள்கையின் நடைமுறை காட்ட வேண்டும்.

தீயைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நீலகிரியின் பழங்குடியினரான தோடர்கள் பனிக்காலத்தில் சிறு சிறு துண்டுகளாகப் புல்லுக்குத் தீ வைத்து வந்தார்கள். முற்றிய தாள் எரிந்து, எருமைக்கு இளம்புல் வரும். வரையாடும் அந்தத் துளிரைத் தேடி வரும். வனச்சட்டம் அதைத் தடுத்தது. இரவிகுளத்தில் முதுவர் கையால் இப்படித் துண்டு துண்டாக எரிக்கும் பழக்கம் இருந்து வந்தது. முக்கூர்த்தியில் இன்று அதை அப்படியே திரும்பக் கொண்டுவரலாமா? சீகை விதை மண்ணில் இல்லாத சரிவில் கொண்டுவரலாம், தோடர்களின் கையால் கொண்டுவர வேண்டும் என்பது என் தீர்ப்பு. விதை கிடக்கும் இடத்தில் தீக்குச்சியைத் தொடக்கூடாது. எந்தச் சரிவு எது என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவர்கள் அந்த மலையில் வாழ்பவர்கள்தான்.

தோடர்களின் புல் அறிவு இவ்வளவோடு நிற்பதில்லை. அவர்களுடைய கோயில்களின் கூரைக்குச் சதுப்பில் விளையும் ஒரு தனிப் புல் வேண்டும், அவ்ஃபுல் என்பார்கள். அறிவியலில் அதன் பெயர் எரியோக்ரைசிஸ் ரங்காச்சாரி. நீலகிரியைத் தவிர வேறெங்கும் கிடையாது. கோவை வேளாண் கல்லூரியில் தாவரவியல் ஆசிரியராக இருந்து, தென்னிந்தியப் புற்களைப் பற்றி 1921இல் கையேடு எழுதிய ரங்காச்சாரியாரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. இந்த ஊரில் வேலை பார்த்த ஒரு புல் அறிஞரின் பெயர் ஒரு தெய்வத்தின் கூரையில் இருக்கிறது. அந்தச் சதுப்புகள் சுருங்கிவிட்டன. கூரை மாற்ற வேண்டிய ஆண்டு வந்தால் அந்தப் புல்லைத் தேடி நாள்கணக்கில் நடக்க வேண்டியிருக்கிறது என்று தோடர் குடியிருப்பான மந்து ஒன்றில் ஒரு முதியவர் என்னிடம் வருந்தினார். வரையாட்டுக்கென்று எழுதப்படும் எந்த மேலாண்மைத் திட்டத்திலும் இந்தப் புல்லுக்கு ஒரு பக்கம் இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

7. எண்ணிக்கை

தமிழ்நாடு அரசு 2022இல் நீலகிரி வரையாட்டுத் திட்டத்தை 25.14 கோடி ரூபாயில் அறிவித்தது. 1970களில் மலைமலையாக நடந்து இந்த விலங்கை எண்ணிய இ. ஆர். சி. டேவிதாரை நினைவுகூர்ந்து அக்டோபர் 7 வரையாட்டு நாள் ஆயிற்று. 2024இல் மாநிலத்தில் 1,031 வரையாடுகள் எண்ணப்பட்டன, 2025இல் 1,303. அதே ஆண்டு கேரளத்தில் 1,365. உலகத்தின் மொத்த வரையாடும் 2025இன் இந்த இரண்டு எண்களுக்குள் அடங்கும்.

1,031லிருந்து 1,303க்கு ஓராண்டில் ஏறியதைக் கேட்டு மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் பெட்டை பெரும்பாலும் ஓர் ஈற்றுக்கு ஒரு குட்டிதான் போடுகிறது. அதிலும் பல குட்டிகள் முதல் ஆண்டைத் தாண்டுவதில்லை. இந்த உயர்வு முழுவதும் பிறப்பால் வந்ததாக எடுத்துக்கொள்ள முடியாது. எண்ணும் முறை சீர்பட்டதும் சேர்ந்திருக்கும். பத்தாண்டு எண்ணினால்தான் போக்குத் தெரியும். என் வேண்டுகோள், ஆட்டை எண்ணும் அதே நாளில் அதே வட்டத்தில் புல்லையும் அளக்க வேண்டும் என்பது. எத்தனை ஹெக்டேர் திறந்த புல்வெளி, பாறை விளிம்பிலிருந்து எத்தனை தூரத்துக்குள் அது இருக்கிறது, அதில் சீகைக் கன்று எத்தனை. இந்த மூன்றும் ஆட்டின் எண்ணிக்கைக்குப் பக்கத்துப் பத்தியில் ஆண்டுதோறும் அச்சாக வேண்டும். ஆடு குறைவதற்குச் சில ஆண்டு முன்பே புல் குறைந்து நமக்குச் சொல்லிவிடும்.

இங்கே வந்திருக்கும் மாணவர்களிடம் ஒன்று கேட்டு அமர்கிறேன். ஜூலை வந்தால் எல்லாக் கல்லூரிகளிலும் மரக்கன்று நடுவோம். சமவெளியில் தாராளமாக நடுங்கள். நம் தெருக்களுக்கு நிழல் வேண்டும். ஆனால் நாட்டு நலப்பணி முகாமுக்காக உங்களை வண்டியில் ஏற்றி நீலகிரியின் மேட்டுக்கோ பழனிமலையின் உச்சிக்கோ அழைத்துப் போய், கையில் கன்று கொடுத்தால், குழி தோண்டும் முன் குனிந்து காலடியில் பாருங்கள். அங்கே புல் இருந்தால் கன்றைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். பக்கத்தில் முழங்கால் உயரத்தில் சீகை நின்றால் அதைப் பிடுங்கிவிட்டு வாருங்கள். மழை பெய்த மறுநாள் என்றால் வேரோடு வரும்.